மேலக்கா கீழே இருந்த மூன்று மாதம்

அந்த இரும்புக் குழாய் ஷெட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்த புதிதில் இருந்தே மேலக்காதான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் மேலே இருப்பாள், மற்றவர்கள் கீழே இருப்பார்கள். கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கச் சுவரிலும் தண்டவாளம் ஓடும். அதன்மேல் ஷெட்டின் அகலத்துக்கு ஒரு இரும்புப் பாலம் நகரும். பாலத்தின் அடியில் தொங்குகிற கண்ணாடிப் பெட்டிதான் அவள் இடம். ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, காலடியில் ஒரு ஹாரன், சுற்றுகிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கிற ஒரு குட்டி மின்விசிறி. அதில் உட்கார்ந்துகொண்டு பத்தொன்பது வருஷமாகக் குழாய்க் கட்டுகளைத் தூக்கி லாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு இரண்டு டன். இத்தனை வருஷத்தில் கீழே நின்ற ஒருத்தர் விரல்கூட நசுங்கியதில்லை. அது சும்மா வந்த பேர் இல்லை.

கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவர் அவளைவிட மூன்று வயது சின்னவர். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனாலும் அவளுக்குத் தம்பி. ஷெட்டின் இரைச்சலில் கீழே பேசுவது மேலே கேட்காது என்பதால் இரண்டு பேருக்கும் எல்லாம் கைதான். தூக்கு, இறக்கு, நகர்த்து என்று தொடங்கிய பேச்சு, வருஷம் போகப் போக, சாப்பிட்டாச்சா, தம்பி மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, சூபர்வைசர் இன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்பது வரை வளர்ந்துவிட்டது. புருஷனோடு வாயால் பேசியதைவிடத் தம்பியோடு கையால் பேசியது அதிகம் என்று மேலக்காவே சொல்வாள்.

ஏணிக்கு நாற்பத்திரண்டு படி. காலை எட்டுக்கு ஏறினால் பன்னிரண்டரைக்குச் சாப்பிட இறங்க வேண்டும். ஒரு மணிக்கு ஏறினால் ஐந்துக்கு இறங்க வேண்டும். நடுவில் இறங்கினாள் என்றால் ஷெட்டே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், வாசலில் லாரிகள் வரிசை கட்டிக்கொண்டு நிற்கும், சூபர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து மேலே போகிறவர்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய ஆள் அப்போதே சொல்லிவிட்டார், தண்ணீர் குடித்தால் இறங்கவேண்டி வரும், இனிப்புத் தண்ணீர் குடித்தால் உடம்பிலேயே நின்றுவிடும் என்று. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தினமும் இரண்டு பெரிய பாட்டில் ஆரஞ்சு கலர் மேலே போகும். கூரைத் தகரத்தின் சூட்டில் வேர்வை ஆறாக ஓட, அதைத்தான் ஒவ்வொரு வாயாகக் குடிப்பாள். வேர்வை குடித்ததை எல்லாம் தின்றுவிடுவதால் அவள் இறங்கவேண்டி வந்ததில்லை. பழைய ஆள் சொன்னது பலிக்கிறது என்று நம்பினாள்.

இரண்டு மூன்று வருஷமாகவே அவளுக்கு ஓர் அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை கால் கழுவ எழுந்திருப்பதற்கே யாராவது பின்னால் இருந்து தள்ளவேண்டும் போல இருக்கும். ஐம்பத்து மூன்று வயதாகிறது, வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஏணி ஏறுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் முதல் படியில் கால் வைக்க முடியாது. முன்பு இருந்த டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கையெழுத்துப் போடுவார். இந்த வருஷம் புதிதாக ஒரு பெண் டாக்டர். எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார். மேலக்காவுக்கு எடை தொண்ணூற்றொன்று, வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக் கோட்டில், யூரிக் ஆசிட் ஏழு புள்ளி எட்டு, ஈரலின் நொதி இருக்கவேண்டியதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து, அதுவரை பழைய சீட்டே செல்லும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு நகல் சூபர்வைசருக்குப் போயிற்று.

சூபர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஈரல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் நினைவுக்கு வந்தது. அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வீட்டில் எதுவும் பிரச்சினையா என்று விசாரித்தார். இல்லை என்றாள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் சில பேர் சாயங்காலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்வது உண்டு, அதைத் தப்பு என்று சொல்லவில்லை என்றார். எதை எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பத்தொன்பது வருஷமா உங்க தலைக்கு மேல ரெண்டு டன்னைத் தொங்க விட்டிருக்கேன் சார். நான் குடிக்கிறவளா இருந்தா, இப்ப இந்தக் கேள்வியைக் கேக்க உங்களுக்குத் தலை இருந்திருக்குமா?"

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் நெஞ்சில் முள் மாதிரி அது நின்றுவிட்டது. ஷெட்டில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால்கூடத் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. சீட்டுக் கிடைக்காவிட்டால் ஆரஞ்சு கலர் குடித்தவளைச் சாராயம் குடித்தவள் என்று சொல்லிக் கீழே இறக்கிவிடுவார்கள். அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுபரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது வாயைக் கட்டினாள், வயிற்றைக் கட்டினாள். காலையில் ஒரு பழம், ராத்திரி ஒரு வாய், அவ்வளவுதான். எடை குறைந்து காட்டவேண்டும் என்று தண்ணீரையும் நிறுத்தினாள், கலரையும் நிறுத்தினாள். போதாததற்கு வேலை முடிந்ததும் ஏணியில் இரண்டு முறை வெறுமனே ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் பார்சல் நிறுக்கிற தராசில் ஏறி நின்றாள். மூன்று கிலோ குறைந்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டு மூன்று விரலைக் காட்டினாள். அவர் பதிலுக்குத் தன் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துக் காட்டினார். முகம் ஒட்டிப்போச்சு என்று அர்த்தம். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் வலது கால் கட்டைவிரல் அவளை எழுப்பியது. விரலா அது, அடுப்பில் இருந்து எடுத்த கரி. சிவந்து, பளபளத்து, வீங்கிக் கிடந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போயிற்று. புருஷன் பதறிப்போய், எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கேயும் இடிக்கவில்லை என்று அவள் பத்து முறை சொன்னாள். செருப்பு நுழையவில்லை. அவருடைய பழைய பெரிய செருப்பை வலது காலிலும், தன் செருப்பை இடது காலிலும் போட்டுக்கொண்டு, வாடகை வண்டியில் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் விரலைத் தொடவில்லை, பார்த்தார், அது போதுமாக இருந்தது. ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை உட்கார வைத்தார். யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நான்கு. ஈரல் நொதி இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. மேலக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

"நாலு நாள் பட்டினி கிடந்தேனே டாக்டர். குறையத்தானே வேணும்?"

"யாரு உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, உங்கள் ஷெட்டில் குழாய் வருகிற வேகத்துக்கு லாரி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நடைபாதையில் அடுக்குவோம் என்றாள். ஈரலும் அதைத்தான் செய்திருக்கிறது, செலவாகாததை எல்லாம் கொழுப்பாக்கித் தன் நடைபாதையிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு திணறுகிறது, அந்தத் திணறல்தான் சீட்டில் இருக்கிற எண், இதற்குக் குடிக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். இனிப்புக் கலரில் இருக்கிற ஒரு வகைச் சர்க்கரை நேராக ஈரலுக்குத்தான் போகிறது, அங்கே அதை உடைக்கும்போது கொழுப்பும் சேருகிறது, யூரிக் ஆசிட்டும் ஊறுகிறது. ஊறியது பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியே போகவேண்டும், அவளோ பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் குடிக்காமல் அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தாள். பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது, அந்தக் கழிவும் அதே வாசலில் போய் முட்டுவதால் யூரிக் ஆசிட்டுக்கு வழி கிடைப்பதில்லை. அதுதான் கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது. எது எதைக் கெடுக்கிறது என்று முழுசாகப் பிரித்துச் சொல்ல டாக்டர்களாலும் முடியவில்லை, ஆனால் வயிற்றுச் சதை, ஈரல், சர்க்கரை, யூரிக் ஆசிட் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம் என்றார். இது ஆம்பளைகளுக்குத்தானே வரும் என்று மேலக்கா கேட்டாள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் தாராளமாக வரும் என்றார் டாக்டர்.

பிறகு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். நூற்றெட்டு சென்டிமீட்டர். எத்தனை வருஷமாக உடம்பு இப்படி ஏறிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். அங்கேதான் மேலக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏறவே இல்லையே டாக்டர். கம்பெனி வருஷத்துக்கு ரெண்டு சட்டை குடுக்குது. சேர்ந்த நாள்லேருந்து அதே நம்பர்தான் வாங்குறேன். இன்னைக்கும் ஒரு பொத்தான் இழுக்கலை. உங்க டேப்தான் சுருங்கிப்போய்க் கிடக்கு. என் வீட்டுக்காரர் தையல்காரர், எனக்குத் தெரியாதா?"

"அப்ப அவரையே அளக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர். மூன்று மாதம் ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டின் முன்னறைதான் புருஷனுடைய கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, கழுத்தில் எந்நேரமும் டேப். நொண்டிக்கொண்டே வந்து மிஷினுக்கு முன்னால் நின்று, அளங்க என்றாள். அவர் எழுந்தார். டேப்பை அவள் இடுப்பில் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள்ளேயே, வெட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு, நூற்றெட்டு என்றார்.

"டேப்பைப் பார்க்காமலே சொல்றீங்க?"

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினார். வாயைத் திறக்காமல் தப்பிக்கிற ஆள் அவர், முப்பது வருஷத்துப் பழக்கம். ஆனால் அவள் நகருகிறவளா? வலித்த காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டை வந்ததும், தையல் சரியில்லை, கெட்டியாகப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொள்வாரே, அது கெட்டித் தையல் இல்லை. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார். முதல் சில வருஷம் உள்ளே மடித்திருந்த துணியே போதுமாக இருந்தது. அது தீர்ந்ததும் பழைய சட்டையை வெட்டி, அக்குளில் இருந்து கீழ்வரை ஒரு பட்டை வைத்திருக்கிறார். அதே நீலம், அதே நூல். பட்டை விரற்கடை அகலத்தில் தொடங்கி இப்போது நாலு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. அவள் கையைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். தெரிந்து பார்த்தால்தான் தெரிந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

"எதுக்கு இப்படி செஞ்சீங்க?"

"ஒரு வருஷம் சட்டை பத்தலைன்னு கண்ணாடி முன்னால நின்னு அழுத. அதுக்கப்புறம் எனக்கு மனசு வரலை."

"அன்னைக்கே சொல்லியிருந்தா வாயைக் கட்டியிருப்பேன்."

"கட்டியிருக்க மாட்ட. அழுதிருப்ப."

அது உண்மை என்பதால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஷெட்டில் அவளை யார் யாரோ ஏமாற்றப் பார்த்ததுண்டு, லாரிக்காரர்கள், ஏற்றுக்கூலிகள் எல்லாரும். ஒருத்தரிடமும் அவள் ஏமாந்ததில்லை. வீட்டுக்குள்ளே ஒருத்தர் அவள் வயிற்றை அவளுக்கே தெரியாமல் பத்து வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறார். திட்டலாம் என்று பார்த்தால் திட்டுவதற்கும் தெம்பில்லை. இனிமேல் என் சட்டையில் கை வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை.

கால் ஆறி நடக்கப் பத்து நாள் ஆயிற்று. பிறகு தினமும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார் டாக்டர். ஷெட்டில் அவளுக்குத் தகரச் சீட்டுக் கட்டுகிற வேலை. ஒவ்வொரு குழாய்க் கட்டுக்கும் எண் போட்ட தகரத் துண்டைக் கம்பியால் முறுக்கிக் கட்டவேண்டும். ஷெட்டின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு இருநூறு தப்படி. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது போய்வர வேண்டும். கட்டைவிரலை நம்பிக் கால் வைக்கவே ஒரு மாதம் பயந்தாள். மேலே அவள் நாற்காலியில் பக்கத்து ஷெட்டில் இருந்து வந்த ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, அதனால் எல்லாரும் நூலு என்பார்கள். நூலு கட்டை வெடுக்கென்று தூக்குவார், தொப்பென்று வைப்பார். ஒரு நாள் குழாய் முனை லாரியின் பக்கவாட்டில் இடித்து ஒரு குழி விழுந்தது. தம்பி வந்து தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே, உங்களுக்கு ஒரு விரலைக் காட்டினால் போதும், இவருக்கு உடம்பு முழுக்க ஆட்டவேண்டியிருக்கு என்று அலுத்துக்கொண்டார். நூலும் கையில் இரண்டு கலர் பாட்டிலோடுதான் ஏணி ஏறுவார். வேண்டாம்ப்பா, தண்ணீர் குடி என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நீங்கதானே அக்கா எனக்கு இதைக் கத்துக்கொடுத்தீங்க என்றார் அவர். அவருக்கு வேலை பழக்கியது அவள்தான். அவள் அடுத்த கட்டுக்குத் தகரத்தை முறுக்கப் போனாள்.

சாப்பாட்டில் டாக்டர் அதிசயமாக எதையும் சொல்லவில்லை. கலரை அடியோடு நிறுத்தவேண்டும். தட்டில் பாதி காய்கறி, மீதியில் கொஞ்சம் குறைக்கவேண்டும். இறைச்சியைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டவேண்டும். மூன்று வேளையும் சாப்பிட்டே ஆகவேண்டும், மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறையக்கூடாது. கேட்பதற்குச் சுலபம். சாயங்காலம் அசதியோடு வந்து உட்காரும்போது நாக்கு இனிப்பைத் தேடி நாய் மாதிரி வீட்டைச் சுற்றும். ஐந்தாம் வாரம் ஒரு கிலோ ஏறிவிட்டது. அன்றைக்கு மறுபடி பட்டினி போடலாம் என்று தட்டைத் தள்ளி வைத்தாள். புருஷன் தன் தட்டையும் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் இரண்டு பேரும் ஆறிப்போனதைத் தின்றார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எடை எண்பத்தாறு. இடுப்பு நூற்று மூன்று. யூரிக் ஆசிட் ஆறு. ஈரல் நொதி பாதியாக இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் கோட்டுக்கு மேலேதான் நின்றது. சர்க்கரை எல்லையிலேயே நின்றது. டாக்டர் பெரிதாக மகிழ்ந்த மாதிரியும் தெரியவில்லை, கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. இது ஒரு வருஷத்து வேலை, இரண்டு வருஷத்து வேலையாகவும் இருக்கலாம் என்றார். ஈரல் கெட்டது குடியால் இல்லை, ஏறலாம் என்று எழுதிவிட்டு, அதன் கீழேயே இன்னொன்றும் எழுதினார்: காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, வேலை நடுவில் இறங்கித் தண்ணீர் குடிக்கவேண்டும், சிறுநீர் கழிக்கவேண்டும்.

சூபர்வைசர் அந்தக் கீழ் வரியை இரண்டு முறை படித்தார். அதற்காக ஷெட்டையே நிறுத்த முடியுமா என்றார். மேலே ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ளக்கூடாதா என்றார். குடிக்கலாம், குடித்தது பிறகு எங்கே போகும் என்று அவள் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். இந்த நிபந்தனை இல்லாமல் சீட்டு வாங்கி வாருங்கள், அதுவரை தகரச் சீட்டே கட்டுங்கள் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் குடிக்கலைன்னு இந்தச் சீட்டுல எழுதியிருக்கு சார். அதைப் படிச்சீங்களா?"

படித்தேன் என்றார் அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப கீழ எழுதியிருக்கிறதையும் ஒத்துக்கிடுங்க."

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். இறங்கி ஏறப் பதினெட்டு நிமிஷம் என்றாள். லாரிப் பக்கவாட்டில் விழுந்த குழி அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும். சீட்டில் கையெழுத்துப் போட்டு, அவளைப் பார்க்காமல் நீட்டினார்.

மறுநாள் ஏறினாள். இருபதாவது படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். பத்து மணிக்கு இறங்கினாள். ஷெட் நின்றது, எல்லாரும் பார்த்தார்கள், காது சுட்டது. போய்விட்டு வந்து ஏறினாள். பிற்பகல் வந்தபோது வாசலில் ஒன்பது லாரிகள் நின்றன. முட்டி இரண்டும் கெஞ்சின. ஒரு நாள்தானே, நாளையில் இருந்து இறங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த கட்டின் மேலே கொக்கியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

தம்பி கொக்கியை மாட்டவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டின் முன்னால் நின்றார். அவர் சைகை இல்லாமல் எதுவும் அசையக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். ஹாரனை அடித்தாள். அவர் நகரவில்லை. கண்ணாடியைத் தள்ளிக் கையை நீட்டி லாரிகளைக் காட்டினாள். அவர் தன் மணிக்கட்டைத் தொட்டு, ஏணியைக் காட்டி, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனார். ஹாரனை நீளமாக அடித்தாள். ஏற்றுக்கூலிகள் இது இப்போதைக்கு முடியாது என்று குழாய்கள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சூபர்வைசர் அறையை விட்டு வெளியே வந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி உள்ளே போய்விட்டார். பிடிவாதத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் மேலக்கா. ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவரும் நின்றார்.

கடைசியில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. தரைக்கு வந்ததும் நேராக அவரிடம் போனாள்.

"ஒரு கட்டை உன் தலையில போட்டிருக்கணும்டா தம்பி."

"போடுங்கக்கா. தண்ணி குடிச்சிட்டு வந்து போடுங்க."

போனாள், குடித்தாள். தண்ணீர் தினமும் இருக்கிற மாதிரிச் சப்பென்றுதான் இருந்தது. திரும்பி வந்து ஏணியடியில் நின்று மேலே பார்த்தாள். கழுத்து வலித்தது. முதல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வலது காலை எடுத்து வைத்து, விரல் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த காலை வைத்தாள்.